செக் எஞ்சின் லைட் எரிகிறது: ஒட்சிசன் சென்சர் இரண்டையும் மாற்றத்தான் வேண்டுமா?

வெள்ளவத்தைக்காரி எழுதியது:

வணக்கம். எங்களிடம் 2010ஆம் ஆண்டு டொயோட்டா அக்சியோ இருக்கிறது, 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சின். முன்பு அப்பா ஓட்டினார். இப்போது நான்தான் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்குக் கொண்டுபோகிறேன். காலையும் மாலையும் காலி வீதி நெரிசல்தான், வேகமாக ஓடக் கிடைப்பதே அரிது.

சில வாரங்களாகச் செக் எஞ்சின் லைட் அணையாமல் எரிகிறது. ஓடும்போது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிக்னலில் நிற்கும்போது மட்டும் எஞ்சின் நடுங்குகிறது, பெற்றோலும் முன்பைவிடக் கூடப் போகிறது போலிருக்கிறது. வழமையாகக் கொடுக்கும் கராஜில் காட்டினேன். ஸ்கேனரைப் பூட்டிப் பார்த்துவிட்டு, “ஒட்சிசன் சென்சர் இரண்டும் போய்விட்டது, புகையைச் சுத்தமாக்கும் கன்வேர்ட்டரையும் சேர்த்து மாற்றினால் நல்லது” என்றார்கள். சொன்ன விலை என்னுடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது.

தம்பியிடம் எஞ்சின் கம்பியூட்டரில் விழும் பழுதுக் கோட்களை ஃபோனில் காட்டும் சின்ன ஓபிடி அடப்டர் ஒன்று இருந்தது. அதைச் செருகிப் பார்த்தால் பி0171, பி0141 என்று இரண்டு கோட் காட்டியது. அடுத்த மாதம் வாகன லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டும், அதற்கு முதல் எமிஷன் டெஸ்ட் எடுக்க வேண்டும்.

இரண்டு சென்சரையும் மாற்றத்தான் வேண்டுமா? பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையில் ரிக்கண்டிஷன் சென்சர் வாங்கிப் பூட்டினால் போதுமா? லைட் எரிந்தால் டெஸ்டில் ஃபெயிலா?

தெமட்டகொடை வான் எழுதியது:

லைட்டுக்காகப் பயப்பட வேண்டாம், தங்கச்சி. இங்கே டெஸ்டில் சைலன்சருக்குள் குழாயை விட்டு வாயுவைத்தான் அளக்கிறார்கள். என்னுடைய வாகனம் லைட் எரிந்தபடியே பாஸ் ஆனது. பஞ்சிகாவத்தையில் ரிக்கண்டிஷன் சென்சர் தாராளமாகக் கிடைக்கும். நல்ல கடையாகப் பார்த்து வாங்கிப் பூட்டிவிடுங்கள்.

கொட்டாஞ்சேனை வயர்மன் எழுதியது:

தங்கச்சி, இன்னும் எதையும் வாங்க வேண்டாம். கோட்களை அழிக்கவும் வேண்டாம். கோட் விழுந்த நேரத்தில் எஞ்சின் என்ன சூட்டில், என்ன வேகத்தில் இருந்தது என்று கம்பியூட்டர் ஒரு பதிவு வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். கோட்டை அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் அதை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள்.

நான் ஓட்டோ எலக்ட்ரிக் வேலையில் ஆயுளில் பாதியைக் கழித்தவன். சென்சரின் பெயர் வருகிற கோட் விழுந்தால் உடனே சென்சரைக் கழற்றி எறியும் பழக்கம் இந்த ஊரில் ஊறிப்போய்விட்டது. அதனால் எத்தனை குடும்பங்களின் காசு வீணாகிறது என்று பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஆறுதலாக வாசியுங்கள்.

உங்கள் வாகனத்தில் சென்சர் இரண்டு. ஒன்று கன்வேர்ட்டருக்கு முன்னால், மற்றது பின்னால். வேலை வேறு வேறு. முன் சென்சர்தான் கலவையைக் கவனிப்பது. பெற்றோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு, நிறைக் கணக்கில். இந்த அளவை ஒட்டிய ஒடுக்கமான வரம்புக்குள் கலவை நின்றால்தான் கன்வேர்ட்டரால் காபனோரொட்சைட்டு, எரியாத ஐதரோகாபன், நைதரசன் ஒட்சைட்டு மூன்றையும் ஒரே நேரத்தில் அடக்க முடியும். சாதாரண ஒட்சிசன் சென்சரின் நுனியில் இருப்பது சிர்கோனியா என்ற பீங்கான். அது 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடானதும், வெளிக்காற்றில் இருக்கும் ஒட்சிசனுக்கும் புகையில் இருக்கும் ஒட்சிசனுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத் தானே சிறிய மின்னழுத்தம் உண்டாக்கும். பெற்றோல் கூடினால் 0.9 வோல்ட்டை ஒட்டிப் போகும், காற்றுக் கூடினால் 0.1 வோல்ட்டுக்கு இறங்கும். 0.45க்கு மேலும் கீழுமாக அது ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்துத்தான் கம்பியூட்டர் இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கிறது.

சில டொயோட்டாக்களில் முன்னால் இருப்பது ஏர் ஃபியூவல் சென்சர். வெளியில் பார்த்தால் அதே உருவம்தான், ஆனால் அது அப்படி ஏறி இறங்காது. கலவை சரியாக இருக்கும்போது டொயோட்டா ஸ்கேனரில் 3.3 வோல்ட்டை ஒட்டிக் கிட்டத்தட்ட நேர்கோடாக நிற்கும். அந்த நேர்கோட்டைப் பார்த்து “சென்சர் செத்துவிட்டது” என்று நல்ல சென்சரைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுடையது எது என்று ஊகிக்கத் தேவையில்லை, பாகத்தின் இலக்கமே சொல்லும். டொயோட்டாவில் 89465 என்று தொடங்கினால் ஒட்சிசன் சென்சர், 89467 என்றால் ஏர் ஃபியூவல் சென்சர். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் பூட்ட முடியாது.

பின் சென்சரின் முக்கிய வேலை கன்வேர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பது. கன்வேர்ட்டர் நன்றாக இருந்தால் பின் சென்சரின் வோல்ட் அதிகம் ஆடாது. முன்னால் ஆடுகிறது போலவே பின்னாலும் ஆடத் தொடங்கினால் பி0420 விழும். உங்களுக்கு அந்தக் கோட் இல்லை. கன்வேர்ட்டரை மாற்றச் சொன்னதற்கு நீங்கள் எழுதியதில் ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. அதற்குள்ளே பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கிறது, பழையதுக்கும் சந்தையில் நல்ல விலை. என்றைக்காவது மாற்ற நேர்ந்தால் பழையதைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள்.

சரி, உங்கள் கோட்களுக்கு வருவோம். பி0171 என்றால், கம்பியூட்டர் தன்னால் முடிந்த மட்டும் பெற்றோலைக் கூட்டிவிட்டது, அதற்குப் பிறகும் புகையில் ஒட்சிசன் கூடுதலாகத் தெரிகிறது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடித்துச் சொன்னதே முன் சென்சர்தான். பெரும்பாலும் அது உண்மையைத்தான் சொல்கிறது. எங்கேயோ கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது, அல்லது உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சரில் அழுக்குப் படிந்து குறைத்து அளக்கிறது, அல்லது பெற்றோல் பம்ப் தேவையான அழுத்தம் கொடுக்கவில்லை. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸோஸ்ட் மனிஃபோல்டில் சின்ன வெடிப்பு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு இப்படிக் காட்டும்.

பி0141 முற்றிலும் வேறு சங்கதி. பின் சென்சரைச் சூடாக்கும் ஹீட்டரின் சுற்றில் பழுது என்பது அதன் பொருள். அது நடுக்கத்தையும் தராது, பி0171ஐயும் கொண்டுவராது. இரண்டு கோட் ஒன்றாக விழுந்ததால் இரண்டு சென்சரும் போய்விட்டது என்று கராஜில் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு ஏசியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, அடப்டரில் ஷோர்ட் டேர்ம் ஃபியூவல் ட்ரிம், லோங் டேர்ம் ஃபியூவல் ட்ரிம் இரண்டையும் பாருங்கள். கம்பியூட்டர் பெற்றோலை எத்தனை வீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதைத்தான் இவை காட்டுகின்றன. பிறகு அக்சிலரேட்டரை 2500 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு அதே இரண்டையும் பாருங்கள். நாலு இலக்கத்தையும் இங்கே போடுங்கள். சாதாரணமாக இவை சுழியத்தை ஒட்டி, பத்து வீதத்துக்குள் நிற்க வேண்டும்.

பின் சென்சருக்கு முதலில் ஃபியூஸைப் பார்க்கச் சொல்லுங்கள். அது சரியென்றால் வயர்ச் சொக்கெட்டைக் கழற்றி, சென்சர் பக்கத்தில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வயருக்கு இடையே மல்ற்றிமீற்றரை வைத்து ஓம் அளக்க வேண்டும். டென்சோ சென்சரில் அவை இரண்டு கறுப்பு, என்டிகேயில் இரண்டு வெள்ளை. டொயோட்டாவின் பின் ஒட்சிசன் சென்சருக்குச் சாதாரணமாக 11 முதல் 16 ஓம் வரை இருக்கும். தொடர்பே இல்லை என்று காட்டினால் ஹீட்டர் அறுந்துவிட்டது. எஞ்சினும் எக்ஸோஸ்டும் குளிர்ந்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

வான் தம்பி சொன்னதுபோல் டெஸ்டில் குழாயில் வரும் வாயுவைத்தான் பார்க்கிறார்கள். பெற்றோல் வாகனத்துக்குக் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும்தான் கணக்கு. காற்றுக் கூடின கலவையில் காபனோரொட்சைட்டு குறைவாகத்தான் வரும். ஆகவே இந்தப் பழுதோடேயே நீங்கள் பாஸ் ஆகக்கூடும். ஆனால் அப்படிப்பட்ட கலவையில் கன்வேர்ட்டரால் நைதரசன் ஒட்சைட்டை அடக்க முடியாது, இந்த டெஸ்டும் அதைப் பார்ப்பதில்லை. பஸ் தரிப்பிடத்தில் பிள்ளைகளோடு நிற்கிறவர்கள் அதைத்தான் மூச்சில் இழுக்கிறார்கள். சான்றிதழ் கிடைத்துவிட்டது என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள்.

தெமட்டகொடை வான் எழுதியது:

அண்ணை, நீங்கள் சொல்வது விளங்குகிறது. ஆனால் ரிக்கண்டிஷன் சென்சரில் என்ன பிழை? யப்பானில் கழற்றின ஒரிஜினல் சாமான்தானே? புதுசு என்று விற்பதில் போலியும் கலந்து வருகிறதே.

கொட்டாஞ்சேனை வயர்மன் எழுதியது:

போலி வருவது உண்மைதான், தம்பி. அதற்காகப் பழையதை நம்ப முடியாது. எக்ஸோஸ்டில் இருக்கும் சென்சர் பாவிக்கப் பாவிக்கத் தேயும் சாமான். ஹீட்டர் உள்ள சென்சருக்கு ஏறத்தாழ 160,000 கிலோமீற்றர் ஆயுள் என்பார்கள். ரிக்கண்டிஷன் சென்சர் அதில் எவ்வளவை முடித்துவிட்டு வந்தது என்று கடைக்காரருக்கும் தெரியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த இடைவெளியில் இங்கே ஓடிய வாகனங்களும் கழற்றி விற்ற சாமான்களும் சேர்ந்தே கிழடாகின.

நுனியைப் பார்த்துக் கொஞ்சம் சொல்லலாம். கரிபோல் உலர்ந்த கறுப்பு என்றால் அந்த வாகனம் பெற்றோலைக் கூடக் குடித்திருக்கிறது. எண்ணெய்ப் பசையோடு கறுப்பு என்றால் எஞ்சின் ஒயில் எரிந்திருக்கிறது. வெள்ளைப் படிவு இருந்தால் கூலண்ட் கசிந்திருக்கலாம், அல்லது யாரோ அருகில் சாதாரண சிலிக்கன் பசை பூசியிருக்கலாம். சிலிக்கனின் ஆவி சென்சரின் நுண்துளைகளை அடைத்துவிடும், பிறகு எதைக் கொண்டு கழுவினாலும் திரும்பாது. ஒயில் பான் ஒட்டும்போதும் கெஸ்கட் பூசும்போதும் “சென்சர் சேஃப்” என்று போட்ட பசையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். சென்சரைப் பெற்றோலில் ஊறவைத்துக் கம்பித் தூரிகையால் தேய்க்கும் வேலையை யாரும் செய்ய விடாதீர்கள், பீங்கான் போய்விடும்.

புதிதாக வாங்கினால் டென்சோ அல்லது என்டிகே, உங்கள் வாகனத்தின் பாக இலக்கத்துக்கு நேரான, சொக்கெட்டோடு வருவது. வயரை வெட்டி ஒட்டும் பொதுவான சென்சர் மலிவுதான். ஆனால் பலவகைச் சென்சர்கள் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை வயரின் உள்ளிழைகள் வழியாகத்தான் எடுக்கின்றன. ஈயம் உருக்கி ஒட்டினால் அந்த வழி அடைபடும். ஒட்டியே ஆக வேண்டும் என்றால் நெரித்துப் பூட்டும் இணைப்புத்தான்.

வெள்ளவத்தைக்காரி எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. தம்பியும் நானும் நேற்று மாலை பார்த்தோம். நிற்கும்போது ஷோர்ட் டேர்ம் 7, லோங் டேர்ம் 24. 2500 ஆர்பிஎம்மில் ஷோர்ட் டேர்ம் 1, லோங் டேர்ம் 5. எல்லாம் கூட்டல் பக்கம்தான்.

ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. பின் சென்சரின் இரண்டு கறுப்பு வயருக்கும் இடையில் மீற்றர் ஒன்றுமே காட்டவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு எலக்ட்ரிக் பாஸிடம் (வாகன மின்வேலைக்காரரிடம்) கொடுத்துத் திரும்பவும் அளந்தோம், அப்போதும் அதேதான்.

கொட்டாஞ்சேனை வயர்மன் எழுதியது:

மிக நன்றாகச் செய்திருக்கிறீர்கள். இப்போது ஊகத்துக்கு இடமே இல்லை.

நிற்கும்போது கூட்டினால் 31, வேகம் கூடியதும் 6. எஞ்சின் ஐட்லில் இருக்கும்போது உள்ளே இழுபடும் காற்று கொஞ்சம், அந்தக் காற்று போகும் இன்டேக் மனிஃபோல்டில் வெற்றிடம் அதிகம். அந்த நேரத்தில் சின்ன ஓட்டை வழியாக வரும் காற்றும் பெரிய பங்கு. வேகம் கூடினால் மொத்தக் காற்று பல மடங்காகும், அதே ஓட்டைக் காற்று அதில் கரைந்துவிடும். மாஃப் அழுக்கோ பம்ப் பலவீனமோ என்றால் எஞ்சினுக்கு வேலை கூடக் கூட இந்த இலக்கமும் கூட வேண்டும். உங்களுடையது தலைகீழ். எங்கேயோ மாஃபுக்குப் பிறகு காற்றுக் கசிவு. சிக்னலில் நடுங்குவதும் இதோடு பொருந்துகிறது.

வால்வ் கவரிலிருந்து இன்டேக் மனிஃபோல்டுக்குப் போகும் பிசிவி ஹோஸை முதலில் பாருங்கள். இந்த வயது வாகனத்தில், இந்த ஊர்ச் சூட்டில் ரப்பர் கல்லாக இறுகி வளைவில் வெடிக்கும். மேலிருந்து பார்த்தால் முழுசாகத்தான் தெரியும், கீழ்ப் பக்கத்தைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். அடுத்தது ஏர் கிளீனரிலிருந்து த்ரொட்டிலுக்குப் போகும் சுருக்கு ஹோஸ். அதை விரித்து மடிப்புகளுக்கு உள்ளே பார்க்க வேண்டும், கிளிப்பையும் இறுக்க வேண்டும். பிறகு பிரேக் பூஸ்டருக்குப் போகும் வெற்றிட ஹோஸ். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் புகை விட்டுப் பார்க்கும் இயந்திரம் உள்ள கராஜுக்குப் போங்கள், ஓட்டை தானாகத் தெரியும். ஓடுகிற எஞ்சினில் கார்ப் கிளீனர் அடித்துக் கண்டுபிடிக்கும் முறையும் உண்டு, ஆனால் சூடான எக்ஸோஸ்டுக்குப் பக்கத்தில் தீப்பிடிக்கும். எனக்கு அதில் விருப்பம் இல்லை.

பின் சென்சரின் ஹீட்டர் அறுந்தது உறுதி. அது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முன் சென்சரைத் தொட வேண்டாம்.

மருதானை ப்ரியஸ் எழுதியது:

ஐயா, இடையில் ஒரு கேள்வி. மழைக்கு ஆமர் வீதிச் சந்தியில் தண்ணீர் நின்றபோது என் வாகனத்தைக் கடத்தினேன். எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை. அடுத்த வாரமே ஒட்சிசன் சென்சர் கோட் விழுந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா?

கொட்டாஞ்சேனை வயர்மன் எழுதியது:

நிச்சயம் இருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பீங்கான் நூற்றுக்கணக்கான பாகை சூட்டில் இருக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிக்கும். கன்வேர்ட்டருக்குள் இருக்கும் தேன்கூடும் பல வாகனங்களில் பீங்கான்தான். கீழே தட்டிப் பார்த்தால் உள்ளே கல் உருள்வதுபோல் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். முதலில் சென்சர் சொக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே தண்ணீரோ பச்சைப் படிவோ இருந்தால் கொன்டாக்ட் கிளீனர் அடித்து, உலரவிட்டு, பிறகு கோட்டை அழித்து ஓடிப் பாருங்கள். திரும்ப விழுந்தால் சென்சரை அளக்கலாம். கடற்கரைப் பக்கம் நிறுத்தும் வாகனங்களுக்கு உப்புக் காற்றிலேயே அந்தப் பச்சை பிடிக்கும், வெள்ளம் வர வேண்டும் என்றில்லை.

வெள்ளவத்தைக்காரி எழுதியது:

ஐயா, பிசிவி ஹோஸ்தான்! கீழ்ப் பக்கம் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. புதுசு போட்டோம், விலை மிகக் குறைவு. பூட்டியதும் நடுக்கம் நின்றுவிட்டது. பின் சென்சர் இன்னும் வாங்கவில்லை. கழற்றுவது கடினம் என்று பாஸ் சொல்கிறார். கோட்டை அழித்துவிட்டு உடனே டெஸ்டுக்குப் போகலாமா?

கொட்டாஞ்சேனை வயர்மன் எழுதியது:

சந்தோஷம், தங்கச்சி. கோட்டை அழியுங்கள், ஆனால் உடனே போக வேண்டாம். கம்பியூட்டர் கூட்டி வைத்திருந்த பெற்றோல் கணக்கு புதிதாகப் படிய வேண்டும். சில நாட்கள் வழமைபோல் ஓடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் ஒரே வேகத்தில் கொஞ்சத் தூரம் ஓடக் கிடைத்தால் இன்னும் நல்லது, நெரிசலில் மட்டும் ஓடுகிற வாகனத்தின் கன்வேர்ட்டருக்கு முழுச் சூடு சரியாகக் கிடைப்பதில்லை. பிறகு ட்ரிம் இலக்கங்களைத் திரும்பப் பாருங்கள். பத்துக்குள் வந்திருந்தால் டெஸ்டுக்குப் போகலாம். போகும்போது எஞ்சின் சூடாக இருக்கட்டும். வீட்டுக்குப் பக்கத்திலேயே டெஸ்ட் நிலையம் என்றாலும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போங்கள்.

பின் சென்சரைக் கழற்ற முதல் நாள் இரவே மரையில் துருநீக்கி ஒயில் அடித்து வைக்கச் சொல்லுங்கள். எக்ஸோஸ்டில் இளஞ்சூடு இருக்கும்போது, வயர் போகப் பிளவு விட்ட 22 மில்லிமீற்றர் சொக்கெட்டால் திருப்பினால் வரும். திறந்த ஸ்பானரால் இழுத்தால் முனைகள் மழுங்கிவிடும். புதியதைப் பூட்டும்போது மரையில் மட்டும், அது இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் அன்ரி சீஸ் பசை, நுனியில் துளியும் படக் கூடாது. பெரும்பாலும் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே மரையில் பூசித்தான் இருக்கும், அப்படியென்றால் மேலே பூச வேண்டாம். கீழே விழுந்த சென்சரைப் பூட்ட வேண்டாம், கடையிலேயே மாற்றிக் கேளுங்கள்.

கடைக்குப் போக முதல் பழைய சென்சரில் இருக்கும் இலக்கத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். வயரில் சுற்றிய லேபிளில் அல்லது உலோக உடலில் இருக்கும். படம் தெளிவாக இல்லை என்றால் இங்கே போடுங்கள், நான் வாசித்துச் சொல்கிறேன்.